துண்டின் பின்பக்கம்

எழுபதுகளின் கடைசியில் கல்முனை பஜாரில் எனக்கொரு ஸ்டூடியோ இருந்தது. படம் பிடிக்க வருகிறவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் ரசீதுத் துண்டின் பின்பக்கத்தில் ஒரு முத்திரை குத்துவேன்: மூன்று மாதத்துக்குள் பெற்றுக்கொள்ளாத படங்களுக்கும் நெகட்டிவ்களுக்கும் நாங்கள் பொறுப்பல்ல. கொழும்பில் ஒரு கடையில் பார்த்துக் கொப்பியடித்தது. அதை யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை. வாசித்தால் சனம் ஏன், எதற்கு என்று கேட்கும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

மாவடிப்பள்ளியிலிருந்து ஒரு பெண் எட்டு மாதப் பிள்ளையோடு வந்தாள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே புருஷன் சவூதிக்குப் போய்விட்டான். அவனுக்கு அனுப்பத்தான் படம். நன்றாக வந்தது, வேண்டுமென்று முயன்றாலும் அப்படி அமையாது. அடுத்த கிழமை வரச் சொன்னேன். வரவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியபோது கடைக்குள் கால்வைக்க இடமில்லை. யாரும் எடுக்க வராத படங்களையும் நெகட்டிவ்களையும் பின்வளவில் போட்டுக் கொளுத்தினேன். மூன்று மாதம் கழிந்தவைதானா என்று ஒவ்வொன்றாகத் திகதி பார்த்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

பெருநாள் கழிந்து அவள் வந்தாள், பிள்ளை இல்லாமல். படம் பிடித்து மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டு, மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் பிள்ளை மவுத்தாகிவிட்டதாம். இவ்வளவு நாளும் வெளியில் இறங்க மனம் வரவில்லையாம். பிள்ளையின் முகத்தையாவது காணவேண்டும், அந்தப் படத்தை அனுப்பு என்று புருஷன் எழுதியிருந்தான். வேறு படம் எடுத்ததில்லை. நான் துண்டைத் திருப்பி முத்திரையைக் காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அன்றுதான் முதல்தடவையாக அதை வாய்விட்டு வாசித்தேன்.

அவளுடைய காக்கா, கூடப்பிறந்த மூத்தவர், பள்ளிவாசலில் முறைப்பாடு செய்தார். பயந்துபோய் ஒரு சட்டத்தரணியிடம் ஓடினேன். முத்திரையைக் காட்டியதும் அவர் கையால் தள்ளிவிட்டார்.

“முத்திரை கிடக்கட்டும். படம் புடிக்க முன்னுக்கு அந்த நிபந்தனைய அவட்ட செல்லினீங்களா? செல்லியிருந்தா ஒப்பந்தத்தில சேரும். செல்லாட்டி அது அவவக் கட்டாது.”

கடைக்குத் திரும்பும் வழியிலேயே என்ன சொல்வதென்று முடிவெடுத்துவிட்டேன். அந்த முடிவுக்கு வர எனக்குக் கால்மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் மரைக்கார்மார் இரண்டுபேர் அவள் வீட்டில் வைத்தே விசாரித்தார்கள். அதே கேள்விதான். சொன்னேன் என்றேன், குரல் நடுங்கவில்லை. பிறகு கதவுத் திரைக்குப் பின்னாலிருந்த அவளிடம் கேட்டார்கள். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் உடைந்திருப்பேன்.

“செல்லியிரிப்பாரு,” என்றாள். “புள்ளைக்கு உடுப்பு மாத்திட்டிருந்த நேரம் எனக்குத்தான் காதில விழல்ல போல. என்ட பிழைதான்.”

காக்கா தலையைக் குனிந்துகொண்டார். மரைக்கார்மார் என் பக்கம் நியாயம் என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

அன்றைக்கே அவள் காக்காவைக் கொண்டு சவூதிக்குக் கடிதம் எழுதுவித்தாளாம். படக்காரர் சொல்லியும் நான் கவனிக்காமல் விட்டேன், பிள்ளையின் முகத்தைத் தொலைத்தது நான்தான், மன்னித்துவிடுங்கள் என்று. கடிதம் தபால் பெட்டிக்குப் போகுமுன்பே செய்தி என் காதுக்கு வந்தது. அதைத் தடுக்க நான் கடையை விட்டு இறங்கவில்லை.