பத்துக்கு இரண்டு வலி

சிவாஜிநகரில் நான் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கும் கிளினிக்குக்கு, இறைச்சி வெட்டும் ஒருவர் ஆறு வாரமாக வந்துகொண்டிருந்தார். இடுப்பில் டிஸ்க் பிதுங்கி, இடதுகால் நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. ஆறு வாரத்தில் கால் அறுபது டிகிரியாவது உயராவிட்டால் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒவ்வொரு முறையும் மூன்றைக் குறிப்பேன்: கால் எத்தனை டிகிரி உயர்கிறது, கால் பெருவிரலில் எவ்வளவு பலம், பத்துக்கு எத்தனை வலி. வலி ஏழு, ஐந்து, நான்கு, இரண்டு என்று இறங்கியிருந்தது. அந்தப் பட்டியலில் எனக்குப் பெருமை.

கடைசி நாள் அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, காலை நேராகத் தூக்கி, பாதத்தை முகப்பக்கம் மடக்கினேன். நரம்பு இழுபட்டு வலி ஏறியதும் நிறுத்திவிட வேண்டும்.

"எத்தனை?"

"ரெண்டு."

இன்னும் தூக்கினேன். "இப்போ?"

"ரெண்டுதாம்மா. தூக்கு, தூக்கு."

என் கண் டிகிரி காட்டும் கோணமானியில் இருந்தது. அவர் நகம் கட்டிலின் ரெக்ஸினைக் கிழித்துக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. ஐம்பது டிகிரியில் கால் உதறியது. குதிகால் என் தாடையில் இறங்கியது. சுவரில் போய் மோதினேன், வாயெல்லாம் ரத்தம்.

ஓரமாக உட்கார்ந்திருந்த அவர் மனைவி பாய்ந்து வந்து, அவர் தோளில் ஓங்கி அறைந்தார். "வூட்ல தலகாணியக் கடிச்சிக்கினு கத்துற, இங்க வந்து ரெண்டா?"

"நெசத்தச் சொன்னா வெட்டிருவாங்கடி!"

"நீ ஆட்டக் கேட்டுக்கினா வெட்டுன?"

சிரிப்பு வந்தது; கிழிந்த உதடு எரிந்தது.

பஞ்சைக் கடித்துக்கொண்டு மறுபடி தொடங்கினேன். எண் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தேன். முப்பதிலேயே பல்லைக் கடித்தார். நிறுத்தினேன். பெருவிரலை மேலே தூக்கச் சொன்னேன். போன வாரம் என் விரலை எதிர்த்துத் தள்ளிய விரல், அசையவே இல்லை. அவருடைய 'ரெண்டை' நம்பி, வாராவாரம் கொஞ்சம் அதிகமாக இழுத்தவள் நான்தான்.

"இன்னைக்கே டாக்டரைப் பாக்கணும். ஆபரேஷனா இருக்கலாம்" என்றேன்.

"அறுவதுன்னு எழுதும்மா. உன் கால்ல வுழறேன்."

முப்பது என்று எழுதினேன். தாளைப் பறித்து நாலாகக் கிழித்து என் முகத்தில் எறிந்தார். வேறு தாள் எடுத்தேன். முப்பது, பெருவிரலில் பலம் இல்லை, ஐம்பது வரை இழுத்தது நான். கீழே கையெழுத்துப் போட்டேன்.

இம்முறை அவர் மனைவி கைநீட்டி வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டார்.

"எந்திரி. ஆட்டோ புடிக்கணும்."