அதே தண்ணீரில் மூன்று முறை

பத்து நாளைக்குப் பிறகு அன்று காலைதான் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வந்தது. என் குடம் பாதி நிறைந்திருந்தபோது லூர்து மேரி அக்காவின் மகள் வாசலுக்கு வந்து, "அம்மா எந்திரிக்கல" என்று மட்டும் சொன்னாள். நாகல் நகரில், எங்கள் தெருவில், தண்ணீர் வரும் நாளில் வீட்டில் கல்யாணமே நடந்தாலும் குடத்தை விட்டு யாரும் நகர மாட்டார்கள். அன்று எல்லோரும் குடங்களைப் போட்டது போட்டபடி ஓடினோம். பாதி வழியில் ஒருத்தி திரும்பிப் போய்க் குழாயை மூடிவிட்டு வந்தாள். அக்காவுக்கு மூச்சு இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் தமிழ் நடத்திய பள்ளியில் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர் அவர். எரியோட்டுப் பக்கம் பிறந்து, இங்கே வாழ்க்கைப்பட்டு, என் வீட்டிலிருந்து மூன்றாம் வீட்டில் குடியிருந்தார். தெருவே அவரை டீச்சர் என்று அழைக்கும். "நான் டீச்சர் இல்லத்தா, பாட்டில் கழுவுறவ" என்பார். அதில் தாழ்வு எதுவும் இருக்காது. பாட்டிலைக் கழுவத் தெரியாதவர்கள் நடத்தும் வேதியியலை அவர் மதித்ததே இல்லை.

எங்கள் ஊர் வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. போர் தண்ணீர் உப்பு. அது குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ. அணையிலிருந்து குழாயில் வருவது நல்ல தண்ணீர். அது குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும். சில வருடங்களுக்கு முன் அந்த நல்ல தண்ணீரின் குணம் மாறியது. துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் முழித்துக்கொண்டு கிடந்தது. குடத்தின் அடியில் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளை படிந்தது. மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரைக் கலக்கிறார்கள் என்று தெரு முழுக்கப் பேச்சு. கேட்டால், "சுத்தமான அணைத் தண்ணி" என்றது குடிநீர் அலுவலகம். முடிந்தவர்கள் கேன் தண்ணீருக்கு மாறிவிட்டோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் மாறினேன்.

அக்கா மாறவில்லை. "கேன் வாங்க ஏலாதவுக வீட்ல பருப்பு வேக வேணாமா?" என்று என்னைக் கேட்டார்.

ஓய்வு பெற்று வந்தவர், இருமல் மருந்து பாட்டில் ஒன்றில் நகப்பூச்சால் கோடு போட்டார். அந்தக் கோடு வரை தண்ணீர். அதில் சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் குலுக்கி, நுரை நிற்கும்வரை எண்ணுவார். நல்ல தண்ணீர் என்றால் சில சொட்டிலேயே நுரை நின்றுவிடும். எங்கள் குழாய்த் தண்ணீருக்கு ஜெபமாலை உருட்டுவது போல் எண்ணிக்கொண்டே போக வேண்டியிருந்தது. தெருவில் ஒருவர், "இந்தத் தண்ணியாலதான் கிட்னில கல்லு வருதுன்னு மனுவுல எழுதுங்க டீச்சர்" என்றபோது மறுத்துவிட்டார். "அத டாக்டர் சொல்லட்டும். நான் நுரையத்தான் பாத்தேன், நுரையத்தான் சொல்லுவேன்" என்றார்.

அலுவலகத்தில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "நல்ல தண்ணின்னு வாயால சொல்றீகள்ல, அதையே எழுதிக் கொடுங்க." கடைசிவரை அவர் கேட்டது இது மட்டும்தான்.

இனி நான் சொல்லப்போவது தெருவில் யாருக்கும் தெரியாது. ஒரு தண்ணீர் நாளில் அக்காவுக்குக் காய்ச்சல். பாட்டிலை என்னிடம் கொடுத்து, "கழுவிட்டுப் பிடி ஜரீனா" என்றார். கழுவினேன். எங்கள் ஊர்ப் பெண் எந்தத் தண்ணீரில் கழுவுவாள்? நல்ல தண்ணீரில் பாத்திரம் கழுவினால் கை கூசும். வீட்டுக்குள் போய்ப் போர் தண்ணீரில் அலசினேன். வெளியே வரிசை நகர்ந்துவிடும் என்ற அவசரத்தில் சரியாகக் கவிழ்க்காமல், அடியில் ஒரு விரற்கடை நிற்க, அதன் மேலேயே குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தேன்.

அன்று காலை அலுவலகத்தாரும் அதே குழாயில் பிடித்துப் போயிருந்தார்கள். அலுவலகத்தில் இரண்டையும் குலுக்கியபோது, அன்று மட்டும் போர் தண்ணீரைக் கலக்காமல் விட்டார்களோ என்னவோ, அவர்களுடையது சட்டென்று நுரைத்தது. எங்களுடையது நுரைக்கவே இல்லை. என்ஜினியர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "சோப்பு நுரைய வச்சு ஆபீஸ் நடத்த முடியாதும்மா. ஏன் இப்படிப் பொய் சொல்லி அலையிறீங்க?"

அக்கா என் பக்கம் திரும்பினார். "எதுல கழுவுன?" என்று மெதுவாகக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்கு அது போதும். என்ஜினியரைப் பார்த்து, "பாட்டில் கழுவுனது தப்பு சார். கழுவ வேண்டியவ நான். தப்பு என்னோடது. திரும்ப வாரேன்" என்று எழுந்துவிட்டார்.

ஆட்டோவில் நான் அழுதேன். "அழுகாத. தப்ப ஒத்துக்கிட்டவ சொல்லுக்குத்தான் நாளைக்கு மதிப்பு" என்றார். எனக்கு ஆறுதலாக இல்லை. தெரு அவரை ஏசியது. "டீச்சர் பேச்சக் கேட்டு மானம் போச்சு" என்று மனுவில் கையெழுத்துப் போட்டவர்களே சொன்னார்கள். கழுவியவள் நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரமாவது என்னைத் திட்டியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

அடுத்த தண்ணீர் நாளில் குழாயடியிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு ஒரு பாட்டில் கொண்டுவர வேண்டும், அவரவரே குலுக்க வேண்டும், அதற்கு முன் இதே குழாய்த் தண்ணீரில் மூன்று முறை கழுவிக் கொட்ட வேண்டும். "நல்ல தண்ணியக் கொட்டுறதா? உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா டீச்சர்?" என்று பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். "நல்ல தண்ணியான்னு பாக்கத்தானத்தா கொட்டச் சொல்றேன்" என்றார் அவர். கொட்டினோம். குலுக்கினோம். தெரு முழுக்க ஒரு பாட்டிலிலும் நுரை நிற்கவில்லை. அவரை ஏசிய வாய்களெல்லாம் அன்று மூடிக்கொண்டன.

அலுவலகத்தில் குறை கேட்கும் நாள் திங்கட்கிழமை. எங்களில் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு போனார். கையில் பாட்டில் இல்லை, தூக்குவாளி இருந்தது. அந்தத் தண்ணீரில் ஒரு மணி நேரம் வேகவைத்த பருப்பு அதில். மேசைமேல் வைத்து ஸ்பூனையும் நீட்டினார்.

"பருப்பு வெஞ்சனம் கொண்டாந்திருக்கேன் சார். ரெண்டு வாய் மென்னு பாத்துட்டு, நல்ல தண்ணின்னு எழுதிக் கொடுங்க."

என்ஜினியர் சாப்பிடவில்லை. எழுதவும் இல்லை. இந்த முறை சிரிக்கவும் இல்லை. அதற்குப் பிறகு சில வாரம் தண்ணீர் நன்றாக வந்தது. பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்று ஆனது. அக்கா மறுபடியும் தூக்குவாளியைத் துலக்கினார். முழங்கால் வலியோடு எத்தனை திங்கட்கிழமை போனார் என்று நான் எண்ணவில்லை. கூடவே போனேன்.

அவர் இறந்த அன்று காலை அவரைக் குளிப்பாட்ட வேண்டும். உறவுக்காரர் ஒருவர் கேன் தண்ணீர் வரவழைக்கவா என்று கேட்டார். "வேணாம். எங்கம்மாவுக்குக் கொழாய்த் தண்ணியே ஊத்துங்க" என்றாள் மகள். என் குடத்துத் தண்ணீரைக் கொண்டுபோனேன். மகள் ஊற்ற, நான் அவர் கையில் சோப்புத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன். நுரை வரவில்லை. பிசுபிசுவென்று வெள்ளைத் திரியாக அவர் விரல்களில் ஒட்டியது. அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு, துக்க வீடு என்றும் பாராமல் அலுவலகத்தாரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். என் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற விடுவதாகவும் இல்லை.

நாளை திங்கட்கிழமை. தூக்குவாளியை அக்காவின் மகள் எடுத்துக்கொள்கிறாள். தெருவில் இருக்கும் அத்தனை பேரும் வருகிறோம். அன்று பாட்டிலைக் கழுவியது நான்தான் என்று அந்த மேசை முன்னால் முதலில் சொல்லப்போகிறேன். அதன் பிறகு, எழுதிக் கொடுங்கள் என்று கேட்கப்போகிறேன்.

போய் வாருங்கள், அக்கா. நகப்பூச்சுக் கோடு போட்ட உங்கள் பாட்டில் என்னிடம் இருக்கிறது. உங்களைக் குளிப்பாட்டிய குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை அதில் பிடித்து வைத்திருக்கிறேன். மூன்று முறை கழுவினேன், அக்கா. அதே தண்ணீரில்.