செம்பனைக்குள் போன பந்தும் அதற்கு அடுத்த பந்தும்

இது நடந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. ஜாசினுக்கு வெளியே, ஒரு பக்கம் செம்பனைத் தோட்டமும் மறுபக்கம் லாரிகள் நிற்கும் இடமுமாக ஒரு பாடாங், விளையாட்டுத் திடல். மலேசியத் தேசியப் பெண்கள் கிரிக்கெட் அணிக்குச் சுழல் பந்து வீசுகிறவர்களைத் தேர்ந்தெடுக்க, ஒரு சனிக்கிழமை காலையில் அங்கே வந்திருந்தார்கள். வந்த ஆறு பெண்களில் இருவருக்குத்தான் இடம்.

நான் போனது டிரைவராக. எங்கள் தாமான் குடியிருப்பில் பக்கத்து வீட்டுப் பெண் அந்த ஆறு பேரில் ஒருத்தி. கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு. வேலை முடிந்து வந்ததும் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் சுவரில் சாக்பீஸால் மூன்று கோடு கிழித்து, அதன்மேல் பந்து வீசிப் பழகுவாள். எனது சாயங்காலத் தூக்கம் பல வருடங்களாக அந்த ‘டொக் டொக்’ சத்தத்தில்தான் நடக்கிறது. ஏற்கெனவே இரண்டு முறை தேர்வுக்குப் போய்த் திரும்பி வந்தவள். வயது இருபத்தெட்டு ஆகிவிட்டது, இந்த முறையும் கிடைக்கவில்லையென்றால் விட்டுவிடுகிறேன் என்று என் மனைவியிடம் சொல்லியிருந்தாள்.

அன்று அவளுடைய மோட்டார் சைக்கிள் வொர்க்‌ஷாப்பில் கிடந்தது. என் மனைவி கார் சாவியை என் கையில் திணித்து, “பிள்ளைய நேரத்தோட கொண்டு போயி விடுங்க. வழியில பசியாற நிறுத்தாதீங்க” என்றாள். என்னை நன்றாக அறிந்தவள்.

நேரத்தோடு போய்விட்டோம். ஆனால் மட்டை பிடிக்க வேண்டியவர்கள் வந்த வேன் நெடுஞ்சாலையில் படுத்துவிட்டது. தேர்வு செய்ய வந்திருந்தவர் ஒரு காலத்தில் நன்றாக ஆடிய அம்மா. வெள்ளைத் தொப்பி, கையில் எழுத ஓர் அட்டை. சுற்றி நின்றவர்களைப் பார்த்து, யாருக்காவது மட்டை பிடிக்கத் தெரியுமா என்று கேட்டார்.

பாடாங்கில் புல் வெட்டும் அண்ணன் ஒருவர் உண்டு, தினமும் என்னோடு தே தாரிக் குடிப்பவர். அவர் என்னைக் கை காட்டினார். “இவரு மலாக்கா மாநிலத்துக்கே ஆடினவரு.”

தேநீர்க்கடையில் நான் அப்படிச் சொன்னது உண்மை. மாநில அணியோடு ஒரு வருடம் முழுக்கப் போனதும் உண்மை. ஆடுகிறவர்களுக்குத் தண்ணீர் தூக்கப் போனேன் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தேன். எல்லாவற்றையும் நானே சொல்ல வேண்டுமா?

வயிறு சரியில்லை என்றேன்.

“ஆடினா சரியாயிடும்” என்றார் தொப்பி அம்மா.

கால்காப்பு என் முழங்காலோடு நின்றது. ஹெல்மெட் காதைத் தாண்ட மறுத்தது. இருவர் அமுக்கி மாட்டிவிட்டார்கள். முதல் நான்கு பெண்கள் வீசியபோது கண்ணை மூடிக்கொண்டு மட்டையை முன்னால் நட்டு வைத்தேன். சில பந்துகள் மட்டையில் பட்டன, சில என்மேல் பட்டன. புல் வெட்டும் அண்ணன் ஒருவர்தான் சிரித்தார், ஆனால் நான்கு பேருக்குச் சேர்த்துச் சிரித்தார்.

ஐந்தாவதாக எங்கள் பெண் வந்தாள். ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு பந்து. அப்போதுதான் எனக்கு அந்த மகத்தான யோசனை வந்தது. கடவுள் என்னை இங்கே நிறுத்தியதே இவளுக்கு உதவத்தான், நான் அவுட் ஆகிக்கொண்டே இருந்தால் போதும், இவளை எடுத்துவிடுவார்கள்.

முதல் பந்துக்கு மட்டையை வேறு திசையில் வீசினேன். போல்டு. இரண்டாவதை விக்கெட் கீப்பரின் கையில் பிரசாதம் மாதிரி கொடுத்தேன். மூன்றாவது பந்துக்கு, பந்து வந்து சேருவதற்கு முன்பே வழுக்கியதுபோல் விழுந்துவிட்டேன். அது கொஞ்சம் அதிகம்தான்.

தொப்பி அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். எங்கள் பெண் நேரே என்னிடம் நடந்து வந்தாள்.

“அங்கிள், என்னா செய்றீங்க?”

“உனக்காகத்தாம்மா.”

“எனக்காகன்னா அடிங்க லா. போன தடவ ஒருத்தி அடிச்சதும் பயந்துபோயி, எல்லாத்தையும் வேகமா, தாழ்வா தட்டித் தட்டிப் போட்டேன். அதுக்குத்தான் அனுப்பிட்டாங்க. அடி வாங்கினப்புறம் திரும்பவும் உயரமா தூக்கிப் போடுறேனான்னு பாக்கத்தான் இவங்க வந்திருக்காங்க. நீங்க இப்படி விழுந்து விழுந்து ஆடினா என்னாத்த எழுதுவாங்க?”

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். மட்டையை இரண்டு மூன்று விதமாக மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு நான் ஏதோ புது டெக்னிக் வைத்திருப்பதாகத் தோன்றியிருக்கும். அடித்து, இவள் மறுபடி பயந்துவிட்டால் பாவம் என் தலையில். அடிக்காவிட்டாலும் இவள் வீட்டுக்குத்தான் போவாள். எப்படிப் போனாலும் அன்று மதியம் எனக்கு வீட்டில் சோறு கிடையாது.

நான்காவது பந்து மெதுவாக, உயரமாக வந்தது. முதல் முறையாகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அடித்தேன். பந்து கால்வாயைத் தாண்டிச் செம்பனைக்குள் போய் விழுந்தது. வாழ்நாளில் அப்படி ஓர் அடி நான் அடித்ததில்லை. ஆனந்தத்தில் மட்டையைத் தூக்கிவிட்டேன். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன், மட்டையை மெல்லக் கீழே இறக்கினேன்.

அண்ணன் பந்தைத் தேடப் போனார்.  அவள் செம்பனைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டிப் போட்டுவிடாதே, தட்டிப் போட்டுவிடாதே என்று ஹெல்மெட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். வந்த பந்தில் இருந்த சேற்றைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

பந்து முந்தியதைவிட உயரமாக எழும்பியது. அவ்வளவு உயரம். இரண்டாவது சிக்ஸர் என்று மனதுக்குள் எழுதியே விட்டேன். இரண்டடி இறங்கி வீசினேன். பந்து நான் நினைத்த இடத்துக்கு வராமல் முன்னாலேயே விழுந்து, திரும்பி, மட்டைக்கு அடியில் புகுந்து போனது. பின்னால் கீப்பர் குச்சியைத் தட்டும் சத்தம் கேட்டபோது நான் பிட்ச் நடுவில் குப்புறக் கிடந்தேன். இந்த முறை நடிக்கவில்லை.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். தொப்பி அம்மா குனிந்து நிறைய எழுதிக்கொண்டிருந்தார். “எந்திரிங்க சார், இன்னும் ஏழு பந்து இருக்கு” என்றார் தலை நிமிராமலே.

மதியம் இரண்டு பெயர் படித்தார்கள். இரண்டாவது அவளுடையது. அவள் கத்தவில்லை, குதிக்கவில்லை. புல்லில் உட்கார்ந்து, சரியாகவே இருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். எனக்குத்தான் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. கழற்ற முடியாத ஹெல்மெட்டுக்குள் கண்ணைத் துடைப்பது எவ்வளவு சிரமம் தெரியுமா?

திரும்பும் வழியில், “அங்கிள், அந்த மூணாவது பந்துக்கு நெசமாவே வழுக்கிச்சா?” என்று கேட்டாள். “நெசமாத்தான்” என்றேன். சிக்னல் விளக்கு பச்சை ஆன பிறகும் சிரித்துக்கொண்டிருந்தாள். வழியில் நிறுத்தி இருவரும் மீ கோரெங் சாப்பிட்டோம். இது என் மனைவிக்கு இதைப் படிக்கும்போதுதான் தெரியும்.

இப்போது தேநீர்க்கடையில் தண்ணீர் தூக்கிய கதையையும் சேர்த்தே சொல்கிறேன். அந்த சிக்ஸரை மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளிப் போய் விழ வைக்கிறேன். அவள் ஆடும் ஆட்டங்களைக் கைப்பேசியில் பார்க்கும்போது, யாராவது அவள் பந்தைத் தூக்கி அடித்தால் வீட்டில் எல்லாரும் ஐயோ என்பார்கள். நான் அடுத்த பந்துக்குக் காத்திருப்பேன். அடுத்த பந்து இன்னும் உயரமாக வரும் என்று ஒருவரை நம்பி இருப்பதும் பாசம்தான் என்பதை, அன்று அந்தப் பாடாங்கில் மூக்கில் மண்ணோடு கிடந்தபோதுதான் நான் தெரிந்துகொண்டேன்.