ரன்வே முனையில் கொட்டின கோழிக்குடல்

வீட்டில் கோழிக்குழம்பு கொதித்தால் நான் ஏன் எழுந்து வெளியே போய்விடுகிறேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சோற்றுக்கு முன்னால் சொல்கிற கதை இல்லை அது. அதனால் எழுதித் தருகிறேன். சாப்பிட்டு முடித்துவிட்டுப் படிங்க.

பேத்துப்பாறையில் நம்ம பூண்டெல்லாம் மழையில் அழுகிப்போன வருசம், நான் மலையை விட்டு இறங்கி, கீழே ஒரு சின்ன விமானத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பெரிய விமானம் அங்கே வராது. ரெண்டு பேர் உட்காருகிற குட்டி விமானத்தில் பிள்ளைகள் ஓட்டப் பழகுவாங்க. ரன்வே பக்கம் நாய், பறவை வராமல் பார்ப்பது என் சோலி.

ஒரு பிள்ளை முதல் தடவையாகத் தனியே ஓட்டி இறங்கினால், தலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவது அங்கே வழக்கம். அன்றைக்குப் பழனியில் பூக்கடை வைத்திருப்பவரின் மகள் தனியே ஓட்டப் போகிறாள். அந்தச் சந்தோசத்துக்கு முந்தின ராத்திரியே கேண்டீனில் எல்லாருக்கும் கோழி பிரியாணி.

காலையில் வெள்ளனே நான் ரன்வேயைச் சுற்றிப் பார்த்தபோது ஒன்றும் இல்லை. வெயில் ஏறினதும் பிள்ளை கிளம்பினாள். ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்க வேண்டியதுதான். அவள் மலைப்பக்கம் திரும்பும்போது, ரன்வே முனையில் ஒரு பருந்து இறங்கியது. பின்னாடியே இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வானம் பூராவும் பருந்து. அவள் இறங்குகிற வழியே அதுதான். அந்தக் குட்டி விமானத்தில் ஒரு பருந்து மோதினால், கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஓட்டுகிற ஆள் முகத்துக்கே வந்துவிடும்.

ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற சார் ரேடியோவும் கையுமாக நின்றார். கத்தினேன். "சார், இறக்காதீங்க! அங்க பாருங்க!"

அவர் பார்த்தார். இறங்க வேண்டாம், சுற்றிக்கொண்டே இரு என்று ரேடியோவில் நிதானமாகச் சொன்னார். அப்புறம் என்னிடம் திரும்பி, "வெரசா போங்க. பிள்ளை குரல் நடுங்குது" என்றார்.

மொபெட்டில் போனேன். ரன்வே முனையில் சுற்றுச்சுவருக்கு அந்தப்பக்கம், காலையில் நான் எட்டிப் பார்க்காத இடத்தில், ரெண்டு சாக்கை நாய்கள் கிழித்துப் போட்டிருந்தன. குடல், தோல், தலை, கால். ராத்திரியெல்லாம் கட்டிக் கெடந்து புளித்துப்போன நாற்றம். பறவை விரட்ட வைத்திருந்த வெடியைக் கொளுத்திப் போட்டேன். ஒரு பருந்தும் அசையவில்லை. இவ்வளவு தீனி கெடக்கும்போது எது போகும்?

மண்வெட்டி இல்லை. மொபெட்டில் ஒரு தார்ப்பாய் இருந்தது. அதை விரித்து ரெண்டு கையாலும் அள்ளினேன். வழுக்கி வழுக்கி விழுந்தது. வெயிலில் சூடேறி விரலிடுக்கில் ஒழுகியது. ஒரு பருந்து என் கையிலிருந்தே ஒரு குடலைப் பிடுங்கிக்கொண்டு போனது. தலைக்கு மேலே விமானம் ரெண்டாம் தடவை இறங்காமலே கடந்து போனது. ஓங்கரித்துக்கொண்டே அள்ளினேன். தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டி, மேலே கல்லை ஏற்றினேன். தரையில் ஒன்றும் இல்லை என்றதும் பருந்துகள் ஒவ்வொன்றாக உயரே போயின.

மூணாம் சுற்றில் பிள்ளை இறங்கினாள். சக்கரம் ரெண்டு தடவை குதித்தது, ஆனால் இறங்கிவிட்டாள்.

நான் திரும்பி வந்தபோது கூடப் பழகுகிற பசங்க அவள் தலையில் தண்ணீர் ஊற்றிச் சிரித்துக்கொண்டிருந்தாங்க. என்னைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினாங்க. அவள் மட்டும் ஓடி வந்தாள். "அண்ணே, நீங்க மட்டும் இல்லேன்னா..." என்றவள், என் பக்கத்திலேயே வாந்தி எடுத்துவிட்டாள். "மன்னிச்சுக்கங்கண்ணே."

"நானும் எடுத்துட்டுத்தாம்மா வாரேன்" என்றேன்.

சார் கேண்டீன் மாஸ்டரைக் கூப்பிட்டார். "அந்தச் சாக்கு யாரு போட்டது?"

"நான்தான் சார். குப்பை வண்டி வரல. அங்கதான் ஆளு நடமாட்டமே இல்லையே."

"விமானம் இறங்குற இடம்யா அது! கேண்டீனுக்குப் பின்னாடி ஒரு குழி வெட்டிப் புதைச்சா என்ன?"

"புதைச்சா சமையக்கட்டுக்கு நாறும் சார்."

கோழிக்குடலை அள்ளும்போது வந்ததைவிடப் பெரிய அருவருப்பு, அதைக் கேட்டபோது வந்தது. நாற்றம் தன் மூக்குக்கு வரக்கூடாது என்று, அந்தப் பிள்ளை இறங்குகிற வழியில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். அவளுக்காக ஆக்கின கோழியோட குடலை.

வாளியில் மிச்சத் தண்ணீர் இருந்தது. பசங்க அதை எடுத்து, பக்கத்தில் வராமல் தூர நின்றே என் மேல் வீசினாங்க. மத்தியானம் மாஸ்டர் என் தட்டில் கோழிக்குழம்பை ஊற்ற வந்தார். தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வெளியே போனேன். இன்றைக்கும் போகிறேன்.