திரையில் மட்டும் இருந்த கதவு

மலையடிவாரத்தில் இருக்கும் அலிபிரிக்குப் போகும் சாலையில், யாத்திரிகர்கள் தங்கும் நான்கு மாடி விடுதி ஒன்றில் பராமரிப்பு மேற்பார்வை என் வேலை. தினமும் பாகாலாவிலிருந்து ரயிலில் வந்து போகிறேன். குழாய் உடைந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், லிப்ட் நின்றாலும் என்னைத்தான். அது போதாதென்று கட்டடத்துக்கு ஒரு டிஜிட்டல் ட்வின் வேறு வந்து சேர்ந்தது. கட்டடத்தின் இரட்டைப் பிறவியாம்.

சென்னையிலிருந்து வந்த கம்பெனி ஆட்கள் மூன்று நாள் ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக அலைந்து, விடுதியை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கட்டிவிட்டார்கள். எந்த பம்ப் ஓடுகிறது, எந்த வால்வு எந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது, எல்லாம் திரையில் தெரியும். பொய் சொல்லக் கூடாது, முதல் மாதம் நானே வாயைப் பிளந்தேன். கசிவைத் தேடி டைல்ஸை உடைக்கிற பாடு வெகுவாகக் குறைந்தது.

அடுத்த மாதம் முதலாளி வாஸ்து பார்க்கும் சித்தாந்தி ஒருவரை அழைத்து வந்தார். அறைகள் காலியாகக் கிடக்கின்றனவே என்பது முதலாளியின் கவலை. சித்தாந்தி திசைகாட்டியோடு கீழ்த்தளத்தைச் சுற்றி, பின்படிக்கட்டு வந்து முடியும் தென்மேற்கு மூலையில் நின்றார். அங்கே சந்துக்குத் திறக்கும் இரும்புக் கதவு ஒன்று உண்டு. கன்னி மூலையில் வாசல் இருந்தால் எப்படி விளங்கும் என்றார். மறுநாளே கதவுக்கு உள்பக்கம் செங்கல் சுவர் எழும்ப ஆரம்பித்தது.

"சார், நெருப்பு கிருப்பு பத்திக்கினா ஜனங்க அந்தப் பக்கமாத்தான் எறங்கணும்," என்றேன்.

"அந்த மூலைய மூசேயாலி, மூடியே ஆவணும், அவ்ளோதான். நீ அபசகுனமா பேசாதம்மா," என்றார் முதலாளி, தெலுங்கும் தமிழுமாக.

சுவருக்கு முன்னால் நின்றே சென்னைக்குப் போன் செய்தேன். இங்கே இப்போது கதவு இல்லை, படத்தை மாற்றுங்கள் என்றேன்.

"மேடம், மாடல்ல டோர் இருக்கே," என்றார் ஒருவர்.

மாடலில் இருக்கும், கட்டடத்தில் இல்லை என்றேன். மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும், அதற்கு முதலாளியின் அப்ரூவல் வேண்டும் என்றார். சுவர் என் மூக்கில் இடிக்கிறது. அவர் சென்னையில் உட்கார்ந்துகொண்டு கதவு இருக்கிறது என்கிறார். எங்கே போய் முட்டிக்கொள்வது? முதலாளியும் அப்ரூவல் தரவில்லை. அதோடு விட்டாரா, அந்தத் திரையிலிருந்தே அவசர வழிப் படம் அச்சடித்து மாடிதோறும் ஒட்டச் சொன்னார். பச்சை அம்புக்குறி நேராகச் சுவருக்கு வழி காட்டியது. நான் ஒட்ட மாட்டேன் என்றேன். நான் லீவு போட்ட நாளில் வேறு யாரோ ஒட்டிவிட்டார்கள். மறுநாள் வந்ததும் கிழித்திருக்க வேண்டும். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் கிழிக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

ஒரு மத்தியானம் இரண்டாம் மாடித் துணி அறையில் யாரோ இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் விட்டதில் போர்வைகள் புகைய ஆரம்பித்தன. இரண்டு குழந்தைகளோடு வந்திருந்த ஒரு குடும்பம், அம்புக்குறியைப் பார்த்துப் பின்படிக்கட்டில் இறங்கிவிட்டது. அறைகளைக் கூட்டித் துடைக்கும் பெண் ஒருத்தி, நகரியில் தறி ஓட்டும் குடும்பத்தவள், அதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். கீழே இருட்டில் சுவரைத் தட்டிக்கொண்டு நின்றவர்களைத் திருப்பி, புகைக்குள்ளேயே முதல் மாடிக்கு ஏற்றி, முன்படிக்கட்டு வழியாக வெளியே கொண்டுவந்தாள். குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள்தான் நாலு நாள் இருமிக்கொண்டு கிடந்தாள்.

இனியாவது சுவரை இடிப்பார்கள் என்று நினைத்தேன். இடிக்கவில்லை. அப்ரூவல் மட்டும் உடனே வந்தது. சென்னைக்காரர்கள் மறுபடி ஸ்கேன் செய்து, திரையில் கதவை அழித்துவிட்டுச் சுவரை வைத்தார்கள். மாடிகளில் ஒட்டியிருந்த படங்களையும் கழற்றி என் மேஜையில் போட்டார்கள். இப்போது எல்லாம் சரியாக இருக்கிறதாம்.

வேலைக்குத் திரும்பிய அந்தப் பெண் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டர்ல செவுத்த கட்டிட்டாங்க. இங்க எப்போக்கா இடிப்பாங்க? நான் தெனம் இங்கதான வேல செஞ்சிக்கினு கீறேன்."

முதலாளி மலைக்குத் தரிசனத்துக்குப் போன நாளில் மேஸ்திரியை அழைத்துச் சுவரை இடித்தேன். பழைய அம்புக்குறிப் படங்களையே எடுத்து மறுபடி மாடிதோறும் ஒட்டினேன். முதலாளி மாடி ஏறுகிறவர் இல்லை, சந்துப் பக்கம் எட்டிப் பார்த்ததும் இல்லை. அவர் கட்டடத்தைப் பார்ப்பதெல்லாம் போனில் வரும் அந்த மாடலில்தான்.

இந்த மாதம் அறைகள் நிரம்பிவிட்டன. போனைத் தூக்கி என் முகத்துக்கு நேரே நீட்டி, அந்தச் சுவரைக் காட்டினார்.

"பாத்தியாம்மா, அந்த மூலைய மூடினதுலதான் எல்லாம்."

ஆமாம் சார் என்றேன். வேறென்ன சொல்ல. அந்தப் பெண் குப்பைக் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கதவு வழியாகச் சந்துக்குப் போய்க்கொண்டிருந்தாள்.