வந்தான் என்று சொன்ன வாய்

மீராஜானை அடித்தது ஒரு பெயருக்காக. அந்தப் பெயருக்கு உரியவன் இந்த உலகத்திலேயே இல்லை. இல்லாத ஒருவனை எங்கிருந்து கொண்டுவந்து கொடுப்பார் அந்த மனிதர்?

ராவல்பிண்டியில், சக்லாலா பங்களாக்களில் ஒன்றில், ஓய்வு பெற்ற ஜெனரல் நாதிர் ஜர்ராலின் வாசலைக் காத்தே தலை நரைத்தவர் மீராஜான். பன்னு என்ற ஊர்ப் பக்கத்துப் பட்டாணியர். பங்களாக்களுக்குப் பின்னால் வேலைக்காரர்களுக்கான அறை வரிசையில் அவருக்கு ஓர் அறை. மனைவி பல்வஷா, மூன்று பெண் பிள்ளைகள். அடுத்த அறை எங்களுடையது. என் கணவர் பக்கத்து பங்களாவில் கார் ஓட்டினார். மீராஜான் இருமினால் சுவர் தாண்டி எங்களுக்குக் கேட்கும்.

தாய்மொழி பஷ்தோ என்பதால் அவருடைய உருதுவில் ஆணும் பெண்ணும் இடம் மாறிவிடுவார்கள். "அம்மா வந்தான்" என்பார். "கார் டிரைவர் போய்ட்டா" என்பார். மலைப் பக்கத்திலிருந்து வரும் பலருக்கும் அப்படித்தான். பிண்டியில் அதைக் கேட்டுச் சிரிக்காதவர் கிடையாது.

ஜெனரலே சிரிப்பார். புல்வெளியில் விருந்தாளிகளை உட்கார வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே கூப்பிடுவார்.

"மீராஜான், பேகம் எங்கேப்பா?"

"பேகம் கடைக்குப் போயிருக்கான், சாஹிப்."

"எப்ப வருவான்?"

"இப்ப வந்துடுவான், சாஹிப்."

தட்டில் கபாப் குலுங்கும் அளவுக்குச் சிரிப்பார்கள். அதிலும் ஒரு பிரிகேடியர், மீராஜானின் தோளைத் தட்டி, "என் பொண்டாட்டியையும் ஒரு தடவை கூப்பிடுப்பா, அவ ஆம்பளையா மாறினா எனக்கு நிம்மதி" என்பார். மீராஜானும் சேர்ந்து சிரிப்பார். அந்தப் பிரிகேடியரின் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது மறக்கவில்லை.

ஒரு மாலை, ஜெனரலின் மனைவி பேகம் லாகூரில் மகள் வீட்டில் இருந்தபோது, ஜெனரலை அவருடைய படிப்பறையிலேயே யாரோ கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டார்கள். சமையலறைப் பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது. தொழுகைக்குப் பிறகு உள்ளே போன ஜெனரலின் டிரைவர் போட்ட கூச்சலில் வரிசை முழுவதும் ஓடினோம். போலீசுக்கு முன்னால் டிவிக்காரர்கள் வந்துவிட்டார்கள். வாசலில் நடுங்கிக்கொண்டிருந்த மீராஜானின் வாய்க்கு நேராக மைக்கை நீட்டினார்கள். சாயங்காலம் யாராவது வந்தார்களா?

"டாக்டர் வந்தான். கையில பை இருந்திச்சி. உள்ள போனான். கொஞ்ச நேரத்துல வெளிய போய்ட்டான். வேற யாரும் இந்த வாசல்ல வரல."

இவ்வளவுதான் அவர் சொன்னது.

ஜெனரலுக்குச் சர்க்கரை. தினமும் சாயங்காலம் ஊசி போட வருபவள் நர்ஸ் எஸ்தர். எங்கள் வரிசையில் ஊசி பிடித்தவர் எல்லாரும் டாக்டர்தான். எங்களுக்கு அதில் புரியாதது ஒன்றுமில்லை. ஆனால் நாட்டுக்கு ஓர் ஆண் கிடைத்துவிட்டான்.

அன்று இரவே திரையில் சிவப்பு எழுத்து ஓடியது: டாக்டர் வேடத்தில் வந்த மர்ம மனிதன். ஜெனரலின் டாக்டர் அந்த வாரம் கராச்சியில் இருந்தார் என்று தெரிந்ததும் மர்ம மனிதனுக்கு உயிரே வந்துவிட்டது. ஒருவர் அவனை எல்லைக்கு அப்பால் இருந்து வந்தவன் என்றார். இன்னொருவர், மலையில் ஜெனரல் நடத்திய பழைய தாக்குதலுக்குப் பழிவாங்க வந்தவன் என்றார். மூன்றாமவர் குரலைத் தாழ்த்தி, அவன் வெளியிலிருந்து வரவில்லை, நம் ஆட்களே அனுப்பினார்கள் என்றார். ஆளாளுக்குத் தங்கள் எதிரியின் முகத்தை அவனுக்கு ஒட்டினார்கள். ஒரு சேனல் அவனுக்கு மீசை வைத்துப் படமே வரைந்து காட்டியது.

அந்த விவாதத்தில் யார் உட்கார்ந்திருந்தார் தெரியுமா? அதே பிரிகேடியர். மீராஜானின் "வந்தான்" திரும்பத் திரும்ப ஒலிபரப்பானது. புல்வெளியில் வயிறு குலுங்கச் சிரித்த அந்த மனிதர், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "காவல்காரர் தெளிவாகச் சொல்கிறார், வந்தவன் ஓர் ஆண்" என்றார்.

என் கையில் இருந்த டீ கிளாஸை டிவி மேல் எறியாமல் விட்டேனே, அது டிவி அக்கம்பக்கத்துக்கெல்லாம் பொது என்பதால்தான்.

இன்ஸ்பெக்டர் துஃபைல் கேட்டபோது மீராஜான் விளக்கினார். ஆண் இல்லை சாஹிப், நர்ஸம்மா. உடனே வாக்குமூலத்தை மாற்றுகிறான் என்று எழுதிக்கொண்டார்கள். எஸ்தருக்குப் போன் போட்டார்கள். அவள், நான் அன்றைக்குப் போகவே இல்லை என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். மீராஜானை ஜீப்பில் ஏற்றினார்கள்.

சாப்பாடு கொண்டுபோன பல்வஷாவுடன் நானும் போனேன். கம்பிக்குப் பின்னால் அவருடைய முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது, வலது கை உடைந்து தொங்கியது. துஃபைல் எங்கள் எதிரிலேயே சொன்னார்.

"ஒரே ஒரு பேர் சொல்லச் சொல்லும்மா உன் புருஷனை. உனக்கு ஒரு தம்பி இருக்கானாமே, மலைப் பக்கம்? அவனா இருந்தாலும் சரி. நாளைக்குக் கோர்ட். பேர் வந்தா இவன் சாட்சி. வரலைன்னா இவன்தான் கொலைகாரன்."

மீராஜான் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. இன்னும் ஓர் இரவு அடித்தால் அவர் மைத்துனன் பெயரைச் சொல்லிவிடுவார். அவருக்கும் அது தெரிந்திருந்தது. அதனால்தான் அழுதார்.

பல்வஷா வீட்டுக்குத் திரும்பவில்லை. நேராகக் கிறிஸ்தவர் குடியிருப்புக்கு நடந்தாள், நானும் கூடவே போனேன். எஸ்தர் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"என் புருஷன் உள்ள கிடக்கா" என்றாள் பல்வஷா. அவளுக்கும் அதே உருதுதான். "அடி வாங்குறா. உன்னால வாங்குறா."

எஸ்தர் சிரிக்கவில்லை.

"அக்கா, நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாதா? நான் போய் நின்னா, அவரை விட்டுட்டு என்னைப் பிடிப்பாங்க. ஜெனரல் வீட்டுல ஊசி போட்ட கிறிஸ்தவச்சி. ஊசியில என்ன இருந்திச்சின்னு கேப்பாங்க. எனக்கு அம்மா இருக்கா, படுத்த படுக்கையா."

"எனக்கு மூணு பொண்ணு இருக்கு."

"உங்க ஆளு கொஞ்சம் ஒழுங்கா உருது பேசியிருந்தா..."

"நீ கொஞ்சம் உண்மை பேசியிருந்தா?"

பல்வஷா கெஞ்சவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகத்தான் சொன்னாள்.

"நீ வர லேட்டான நாள்ல சாஹிப் உனக்காக வாசலுக்கு வந்து எட்டிப் பாப்பாரு. எங்க ஆளு நாற்காலி போட்டு வைக்கும். மழையில நனைஞ்சி நீ வந்தா யாரு குடை பிடிச்சா? அந்தக் கையைத்தான் இப்ப உடைச்சிருக்காங்க. வா, வராத. நான் பிச்சை கேக்க வரல. தெரிஞ்சிக்கோன்னு சொல்ல வந்தேன்."

மறுநாள் கோர்ட்டில் மீராஜானை இரண்டு போலீஸ்காரர்கள் தாங்கிக் கொண்டுவந்தார்கள். வலது கை துணியில் தொங்கியது. மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கடைசியாகக் கேட்கிறேன். அன்று வந்தவன் யார்?"

மீராஜானின் உதடு அசைந்தது. பல்வஷா என் கையை நசுக்கினாள். அவளுடைய தம்பியின் பெயர் வரப்போகிறது என்று நினைத்தோம். அப்போது பின்கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டுடன், தலையில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு எஸ்தர் நின்றாள். மீராஜானின் ஒற்றைக் கண் விரிந்தது. நல்ல கையை நீட்டினார்.

"வந்துட்டான், சாஹிப். இதோ நிக்கிறான். இவன்தான்."

கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. போலீஸ்காரன் சிரித்தான், குமாஸ்தா சிரித்தார். மாஜிஸ்ட்ரேட் மட்டும் சிரிக்கவில்லை. எஸ்தரைப் பார்த்தார், மீராஜானின் கையைப் பார்த்தார், பிறகு துஃபைலைப் பார்த்தார்.

"இன்ஸ்பெக்டர், நீங்கள் தேடும் மீசைக்காரர் இவர்தானா?"

சிரிப்பு அடங்கிப்போனது. எஸ்தர் முன்னால் வந்தாள். நான் அன்று போனது உண்மை, பயந்து பொய் சொன்னேன் என்றாள். அவள் வீடு போய்ச் சேர்ந்த பிறகு, ஊசி போட்ட இடம் வலிக்கிறது என்று ஜெனரலே போனில் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார் என்றாள். போன் அவள் பையிலேயே இருந்தது. மாஜிஸ்ட்ரேட் அதை வாங்கிப் பார்த்தார். அவள் போன பிறகும் ஜெனரல் உயிரோடு இருந்திருக்கிறார். முன் வாசலில் நின்ற மீராஜான் பொய் சொல்லவில்லை. பின்கதவைப் பற்றி இத்தனை நாளாக ஒருவரும் கேட்கவே இல்லை.

மீராஜானை விடுதலை செய்தார்கள். மன்னிப்பு என்று ஒரு சொல் எவர் வாயிலிருந்தும் வரவில்லை.

வெளியே கேமராக்கள் காத்திருந்தன. ஒருவரும் மீராஜானைத் திரும்பிப் பார்க்கவில்லை. எஸ்தரைச் சூழ்ந்துகொண்டார்கள். "மர்மப் பெண்ணே, யார் உங்களை அனுப்பினார்கள்? ஏன் மறைத்தீர்கள்?" ஒருவன் அவள் துப்பட்டாவையே இழுத்தான். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

மீராஜான் பல்வஷாவின் தோளிலிருந்து கையை எடுத்தார். நொண்டிக்கொண்டே கூட்டத்தைப் பிளந்து போனார். அவளுக்கு முன்னால் நின்றார், வாசலில் நிற்பதுபோல, நேராக. உடைந்த கையோடு அவர் நின்ற விதத்தில் கேமராக்காரர்கள் ஓர் அடி பின்வாங்கினார்கள். ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி அவளை ஏற்றினார்.

ஒரு மைக் அவர் வாய்க்கு நேராக வந்தது. அதே மைக்தான், அதே நிறம்.

"கான் சாஹிப், இப்ப போறது யாரு? சொல்லுங்க, யாரு போறது?"

மீராஜான் அந்த மைக்கைப் பார்த்தார். எங்கள் எல்லார் முகத்தையும் ஒரு முறை பார்த்தார். ஆட்டோ திரும்பி மறையும்வரை வழியை மறித்து நின்றார். வாயை மட்டும் திறக்கவே இல்லை.