ஆயிரத்தைந்நூறு அடியில் ஒரு சின்ன விளக்கு

காலை ஆறு மணிக்கு மந்தைவெளியில் எங்கள் வீட்டு வாசலைப் பூட்டிக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டு மாடியிலிருந்து கமலா மாமியின் குரல் வந்துவிட்டது.

"கார்த்தால எங்க கிளம்பிட்டேள் ரெண்டு பேரும்?"

"இங்கதான் மாமி, சும்மா" என்றேன். இந்தத் தெருவுக்குக் குடிவந்த நாளிலிருந்து இதே கேள்வி, இதே பதில். உண்மையைச் சொன்னால் ஏன், எதற்கு, எப்போது திரும்புவாய் என்று நீளும். அன்றைக்கு உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கும் எழவில்லை. பறக்கப் போகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் அங்கேயே அழுதிருப்பேன்.

என் கணவர் வங்கி அதிகாரி, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் விமானி. மீனம்பாக்கத்தில் இவரும் நண்பர்களும் சேர்ந்து நடத்தும் கிளப்பில் இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்று இருக்கிறது. இறக்கைகளைக் கழற்றிவிட்டால் எங்கள் கூடத்தில் நிறுத்திவிடலாம். அதில் ஏற மாட்டேன் என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டேன்.

என் சபதத்தைக் கெடுத்தது டிரான்ஸ்பாண்டர் என்கிற பெட்டி. கீழே ராடார் "யார் அங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். விமானத்திலிருக்கும் இந்தப் பெட்டி நான்கு இலக்க எண் ஒன்றைப் பதிலாகச் சொல்லும். இது இல்லாமல் சென்னைப் பக்கம் பறக்கக் கூடாது என்றார்களாம். தியாகராய நகரில் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே ஒரு மாடியில் இருக்கும் இறக்குமதி ஏஜெண்டிடம் இரண்டு பெட்டிகள் இருந்தன. மலிவானது எண்ணை மட்டும் சொல்லும், மற்றது உயரத்தையும் சேர்த்துச் சொல்லும். "எங்க இருக்கோம்னு மட்டும் தெரிஞ்சா போறாது, எவ்வளவு உசரத்துல இருக்கோம்னும் தெரியணும்" என்று இவர் ஒற்றைக் காலில் நின்று இரண்டாவதை வாங்கினார். நான் புடவை எடுக்கப் போனால் பத்து நிமிஷத்தில் வாட்சைப் பார்க்கிற மனுஷர், அன்றைக்கு அரை நாள் என்னை மாடிப்படியில் உட்கார வைத்தார்.

பெட்டியைப் பொருத்தி, தரையில் சோதித்தும் ஆகிவிட்டது. வானத்தில் சோதிக்கும்போது அதன் விளக்கைக் கவனிக்கப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். வர வேண்டிய மெக்கானிக் கஜேந்திரனுக்கு மெட்ராஸ் ஐ. ஆகவே நான்.

மீனம்பாக்கம் சுமார் பதினான்கு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டார். "ஏர்போர்ட்டுன்றீங்க, பொட்டி ஒண்ணியும் காணோம். யாரையாவது கூப்ட போறீங்களா?" என்றார். "நாங்களே போயிட்டு வரோம்ப்பா" என்றார் இவர். அடையாறு பாலத்தைத் தாண்டும்போது கடல் பக்கம் மேகம் கறுத்திருந்தது. ஐப்பசி மாதம். திரும்பிப் போய்விடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். இவர் முகத்திலிருந்த சந்தோஷத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

கிளப் ஷெட்டில், ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் ஸ்பானரிலிருந்து ஆள் எடை பார்க்கும் தராசு வரை இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தன. விமானத்தின் மூக்கிலும் ஒரு பொட்டு. இவர் என்னை உட்கார வைத்து பெல்ட்டை இறுக்கினார்.

"ராடார் கேட்டு, பெட்டி பதில் சொன்னா இந்த விளக்கு மினுங்கும். அதையே பாத்துண்டிரு. நம்பரை மட்டும் தொடாதே. திருப்பறச்சே தப்பித் தவறி ஏழு அஞ்சு சைபர் சைபர்னு வந்துடுத்துன்னா, விமானத்தைக் கடத்திட்டான்னு கீழ அர்த்தம்."

நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

தரையில் விளக்கு ஓரிரு முறை மினுங்கியது. ஏழரை மணி வாக்கில் கிளம்பினோம். என்ஜின் போட்ட கூச்சலில் பற்கள் ஒன்றோடொன்று மோதின. ஆயிரத்தைந்நூறு அடியில் அடையாறு முகத்துவாரத்துக்கு மேல் வந்தபோது கண்ணைத் திறந்தேன். விளக்கு அணைந்திருந்தது.

"ஏன்னா, மினுங்கலையே!"

அதே சமயம் கீழிருந்து ரேடியோவில், ஆங்கிலத்தில் ஒரு குரல்: உங்களை ராடாரில் காணவில்லை. கடல் பக்கமிருந்து ஒரு பெரிய விமானம் இறங்கி வருகிறது. அங்கேயே வட்டமடியுங்கள், மேலே ஏற வேண்டாம். இவர் பெட்டியை அணைத்துப் போட்டார். எண்ணைச் சரிபார்த்தார். மறுபடியும் அணைத்துப் போட்டார். விளக்கு அசையவில்லை. மேகம் எங்களை நோக்கி இறங்கியது. இவர் நெற்றியில் வேர்வை. இவர் பயந்து நான் பார்த்ததே இல்லை.

கீழே கோயில் குளம் பச்சைச் சதுரமாகத் தெரிந்தது. சாந்தோம் மாதா கோயில் கோபுரம் வெள்ளையாகத் தெரிந்தது. என் வீட்டு மாடியைத் தேடினேன், கிடைக்கவில்லை. முட்டுச் சந்தில் காய் வாங்கப் போனால்கூட நாலு பேருக்குத் தெரிந்துவிடும் ஊர் அது. அந்த ஊரின் தலைக்கு மேலேயே நான் இருந்தேன், எங்கே இருக்கிறேன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. செத்தால் இப்படித்தான் இருக்குமோ என்று பயந்தேன்.

விமானம் சடாரென்று கீழே விழுந்து எழுந்தது. அலறிக்கொண்டு முன்னால் கையை ஊன்றினேன். கட்டைவிரல் பெட்டியின் முகத்தில் அழுந்தியது. விளக்கு மினுங்கியது.

விரலை எடுத்தேன், அணைந்தது. அமுக்கினேன், மினுங்கியது.

"ஏன்னா, அமுக்கினா எரியறது!"

"கையை எடுக்காதே! எது வந்தாலும் எடுக்காதே!"

கீழேயிருந்த குரல் எங்கள் உயரத்தை எங்களுக்கே சொன்னது. உடனே அந்தப் பெரிய விமானத்தை வலப்பக்கம் திரும்பச் சொன்னது. சற்றைக்கெல்லாம் அது மேகத்திலிருந்து வெளிப்பட்டு, எங்கள் உயரத்திலேயே, எங்களை விட்டு விலகித் திரும்பியது. அதன் வாலில் பூசியிருந்த நிறம்கூடத் தெரிந்தது. தரையில் சக்கரம் தொடும் வரை நான் கட்டைவிரலை எடுக்கவில்லை. தொட்ட பிறகும் எடுக்கவில்லை, இவர்தான் பிரித்து எடுத்தார்.

ஷெட் வாசலில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கஜேந்திரன் பத்தடி தள்ளி நின்றிருந்தார். இவர் பெட்டியை அதன் கூட்டிலிருந்து உருவித் திருப்பினார். ஆண்டெனாவோடு போய்ச் சேர வேண்டிய பின்பக்க முனையில் சந்தனம் கெட்டியாகக் காய்ந்திருந்தது, நடுவில் குங்குமம். முன்னாலிருந்து அமுக்கினால்தான் அந்த முனை ஆண்டெனாவைத் தொட்டிருக்கிறது.

"புது மிஷின் ஆச்சேன்னு கயட்டி பூஜைல வெச்சேன் சார். முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு பொட்டு வெச்சேன். தொட்ச்சிட்டுதான் சார் மாட்னேன்" என்றார் கஜேந்திரன்.

திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அந்த மனிதர் எங்கள் நன்மைக்காக வைத்த பொட்டு அது.

திரும்பும் ஆட்டோவில் இவரும் நானும் ஏறிக்கொண்டோம். அடையாறு பாலத்தில் குனிந்து பார்த்தேன். என் கட்டைவிரல் முன்கம்பியை அமுக்கிக்கொண்டிருந்தது.

மந்தைவெளியில் இறங்கியபோது மாடியில் கமலா மாமி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். முதுகு எங்கள் பக்கம், எங்களைக் கவனிக்கவில்லை. நான் நடுத்தெருவில் நின்று அண்ணாந்து கூப்பிட்டேன்.

"மாமி! மீனம்பாக்கம் போயிருந்தோம். ரெண்டு பேரும் ஆத்துக்கு வந்துட்டோம்!"